மாணவர்கள் பார்த்த சிறுகோளுக்கு 'மீனாட்சி' என்று பெயர் வைக்க முடியுமா?

கேள்வி: திருமங்கலம்_இயற்பியல்

வணக்கம். திருமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர் ஒரு குழுவாக ஐஏஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பு நடத்தும் சிறுகோள் தேடலில் கலந்துகொண்டார்கள். ஹவாய் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்கள், தொகுப்புக்கு நான்கு வீதம் வரும். அஸ்ட்ரோமெட்ரிக்கா என்ற மென்பொருளில் அலசி அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு தொகுப்பில், தெரிந்த சிறுகோள் பட்டியலில் இல்லாத நகரும் புள்ளி ஒன்று கிடைத்தது. நான்கு படத்திலும் எஸ்என்ஆர் (புள்ளியின் ஒளி இரைச்சலைப்போல எத்தனை மடங்கு என்பது) 6 முதல் 9 வரை, மேக்னிட்யூட் (பொலிவு எண்; எண் கூடக்கூட மங்கல்) 20.9 முதல் 21.3 வரை. அறிக்கை ஏற்கப்பட்டு, 'முதற்கட்டக் கண்டறிதல்' என்று சான்றிதழும் வந்துவிட்டது.

பிள்ளைகள் 'மீனாட்சி' என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார்கள். இரண்டு பேர் 'வைகை' என்கிறார்கள். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் காமராசர் பெயரை வைக்கச் சொல்கிறார். இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா, பெயர் வைக்கும் உரிமை எங்களுக்கு எப்போது வரும், யாருக்கு எழுத வேண்டும்? உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் செய்தி போடக் கேட்கிறார், தப்பாக எதுவும் சொல்லிவிடக் கூடாது. பணம் கட்டினால் உடனே பெயரைப் பதிவு செய்து தருவதாக ஓர் இணையதளமும் கண்ணில் பட்டது. அதையும் சொல்லுங்கள்.


பதில்: எதிர்நிலை

டீச்சர், முதலில் பிள்ளைகளுக்கு வாழ்த்து. 21-ஆம் மேக்னிட்யூட் புள்ளியை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அந்த இணையதளத்துக்கு ஒரு பைசா கட்டாதீர்கள். சிறுகோள் பெயர் விற்பனைக்குக் கிடையாது. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுபொருள் பெயரிடல் குழு மட்டும்தான் பெயரை ஏற்கும், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு தருகிறவர்கள் தருவது அச்சடித்த காகிதம். அந்தப் பெயரை எந்த வானியலாளரும் பயன்படுத்த மாட்டார்.

இப்போது உங்கள் புள்ளி. அது இருப்பது முதல் படியில். ஓர் இரவில், ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த நான்கு படங்களில் ஒரு கோடு போல நகர்ந்திருக்கிறது. இதை ட்ராக்லெட் என்பார்கள். முதன்மைப் பட்டைச் சிறுகோள், அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றுவது, சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும்போது மணிக்கு 30 முதல் 40 ஆர்க் வினாடி (ஒரு பாகையில் 3,600 ஆர்க் வினாடி) வரை நகரும். ஒவ்வோர் அளவீட்டிலும் 0.3 ஆர்க் வினாடி பிழை என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர நகர்விலிருந்து கணக்கிடும் வேகத்தில் மணிக்கு சுமார் 0.4 ஆர்க் வினாடி பிழை வரும். மறுநாள் அது 10 ஆர்க் வினாடி, பத்து நாளில் 100. இது நேர்கோட்டில் போவதாக வைத்த கணக்கு. உண்மையில் பாதை வளைகிறது; எவ்வளவு வளைகிறது என்பது தூரத்தைப் பொறுத்தது; தூரம் ஒரே இரவில் தெரியாது. அதனால் ஒரு மாதம் கழித்து எந்த இடத்தில் தேடுவது என்பதே தெரியாமல் போய்விடும்.

அதனால்தான் இரண்டாம் இரவு இவ்வளவு முக்கியம். முதல் பத்து நாளுக்குள் இன்னோர் இரவில் அதே பொருளை யாராவது அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று கணக்கு ஒத்துப்போனால், சிறுகோள் அளவீடுகளையெல்லாம் திரட்டும் மைனர் பிளானட் சென்டர் (இனி எம்பிசி) ஒரு தற்காலிகக் குறியீடு கொடுக்கும். இரண்டாம் இரவு கிடைக்காத ட்ராக்லெட் அழிந்துபோகாது. எம்பிசி அதைத் தனி இரவுக் கோப்பில் வைத்திருக்கும், பிற்காலத்தில் வேறொன்றோடு பொருந்தலாம். ஆனால் குறியீடு வராது.

குறியீட்டைப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆண்டு, அதன் பிறகு எந்த அரை மாதம் என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து, அந்த அரை மாதத்தில் எத்தனையாவது என்பதற்கு இன்னோர் எழுத்து. ஜனவரி முதல் பாதி ஏ, இரண்டாம் பாதி பி, இப்படி ஒய் வரை போகும்; ஐ என்ற எழுத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். இரண்டாம் எழுத்திலும் ஐ கிடையாது, ஆக 25 எழுத்துகள். 25 முடிந்ததும் பக்கத்தில் 1 சேர்த்து மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கும். காவலூர் ஆய்வகத்தில் 1988-இல் கண்டுபிடித்த 4130 ராமானுஜன் என்ற சிறுகோள், பெயர் வருவதற்கு முன்பு '1988 டிகியூ1'. டி என்றால் பிப்ரவரி இரண்டாம் பாதி. கியூ 16-ஆவது எழுத்து, பக்கத்தில் 1 இருப்பதால் 25 கூட்டினால் 41. அந்த அரை மாதத்தில் குறியீடு பெற்ற 41-ஆவது பொருள் அது. இப்போது அரை மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வருவதால் பின்னால் ஒட்டும் எண் நூறைத் தாண்டுவதெல்லாம் சாதாரணம்.

மூன்றாம் படி நிரந்தர எண். இதற்குத்தான் வருடக்கணக்கு. முதன்மைப் பட்டைப் பொருளுக்குப் பொதுவாக நான்கு எதிர்நிலைகளிலாவது, அதாவது பூமிக்கு ஒரு பக்கம் சூரியனும் மறுபக்கம் சிறுகோளும் நேரெதிரே நிற்கும் நான்கு பருவங்களிலாவது, அளவீடு இருக்க வேண்டும். 2.7 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு) தூரத்தில் சுற்றுகிற பொருளுக்குச் சூரியனை ஒருமுறை சுற்ற 4.4 ஆண்டு. பூமி அதைத் திரும்ப எட்டிப்பிடிக்க சுமார் பதினைந்தரை மாதம். முதல் பருவத்திலிருந்து நான்காவது பருவம் வரை மூன்று இடைவெளி, கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. ஒரு பருவத்தைக்கூடத் தவறவிடாமல் பார்த்தால்தான் இந்தக் கணக்கு. 21-ஆம் மேக்னிட்யூட் பொருள் சூரியனிலிருந்து தொலைவாகப் போகும் பருவத்தில் 22-ஐயும் தாண்டி மங்கிவிடும், அந்தப் பருவம் வீணாகலாம். ஆறு முதல் பத்து ஆண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இந்தக் கணக்கைக் குறைக்கவும் வழி இருக்கிறது: பழைய அளவீடுகள். அதே பொருள் ஐந்து வருடத்துக்கு முன்னால் எங்காவது பதிவாகியிருந்தால் பாதை சட்டென்று உறுதியாகிவிடும். ஆனால் இதில்தான் உரிமைச் சிக்கலும் இருக்கிறது. 2010 முதல் உள்ள விதி இதுதான்: எந்தப் பருவத்தின் இரண்டாம் இரவு அளவீடு எம்பிசிக்கு முதலில் வந்து சேர்ந்ததோ அதுதான் கண்டுபிடிப்புப் பருவம், அந்தப் பருவத்தில் முதலில் வந்து சேர்ந்த அளவீடு யாருடையதோ அவர்தான் கண்டுபிடித்தவர். உங்கள் அளவீட்டுக்கு இரண்டாம் இரவைத் தந்தது வேறு ஆய்வகமாக இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன்பே ஒருவர் அதை இரண்டு இரவு பார்த்து அனுப்பிவிட்டிருந்தால், கண்டுபிடிப்பு அவருக்குப் போய்விடும். ஒரே ஓர் இரவு மட்டும் பார்த்திருந்தால் போகாது. பழைய படத்தை இப்போது தோண்டியெடுத்து அளந்து அனுப்பினாலும் போகாது, ஏனென்றால் எம்பிசிக்கு எப்போது வந்தது என்பதுதான் கணக்கு.


பதில்: நான்கு_படம்

எதிர்நிலை அண்ணன் சொன்னது எல்லாமே புள்ளி உண்மையானது என்றால்தான். சான்றிதழ் வந்தது நல்ல அறிகுறி, இருந்தாலும் அடுத்த தொகுப்புகளுக்காகச் சோதிக்கிற முறையை எழுதிவிடுகிறேன். எஸ்என்ஆர் 6 என்பது எல்லைக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம். 5-க்குக் கீழே இருந்தால் நான் எடுக்கவே மாட்டேன்.

படங்களைத் திறப்பதற்கு முன்னால் எம்பிசியின் சுற்றுப்பாதைக் கோப்பை அஸ்ட்ரோமெட்ரிக்காவின் இன்டர்நெட் மெனு வழியாகப் புதுப்பியுங்கள். கோப்பு பழசாக இருந்தால், ஏற்கெனவே தெரிந்த சிறுகோளையே 'புதுசு' என்று காட்டும். பள்ளிக் குழுக்களின் 'புதிய' புள்ளிகளில் நிறைய இப்படித்தான் அடிபட்டுப் போகின்றன. அடுத்து, அமைப்புக் கோப்பு. தேடல் நடத்துகிறவர்கள் தந்த கோப்பையே ஏற்றுங்கள். வேறு தொலைநோக்கியின் கோப்பு நினைவில் இருந்துவிட்டால் எந்த ஆய்வகத்தின் படம் என்று சொல்லும் நிலையக் குறியீடு மாறிப்போகும். பான்-ஸ்டார்ஸ் ஒன்றுக்கு எஃப்51. குறியீடு தப்பானால் அறிக்கை முழுவதும் குப்பைக்குத்தான். நட்சத்திரப் பட்டியலை மென்பொருள் இணையத்திலிருந்து இழுப்பதால், பள்ளி நெட் தொங்கினால் தரவுப் பொருத்தமே நடக்காது. படம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நகரும் பொருளைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை முதலில் ஓட்டி, பிறகு கண்ணாலும் பாருங்கள். நான்கு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டவிட்டு, திரையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். முழுப் படத்தையும் ஒரே ஆள் பார்த்தால் ஓரங்களில் கண் போகாது.

ஒரு புள்ளி கிடைத்ததும் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, நகர்வு. படங்களின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இடைவெளியிலும் நகர்ந்த தூரத்தை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். வேகம் மாறக்கூடாது, திசையும் மாறக்கூடாது. மூன்று புள்ளி ஒரே கோட்டில் வந்து நான்காவது விலகினால், நான்காவது இரைச்சல் என்று எடுத்துவிட்டு மூன்றை வைத்து அனுப்பலாம். இரண்டுதான் ஒத்துவருகிறது என்றால் விட்டுவிடுங்கள், எந்த இரண்டு புள்ளியும் நேர்கோட்டில்தான் இருக்கும். இரண்டாவது, புள்ளியின் அகலம். பக்கத்து நட்சத்திரங்களின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். நட்சத்திரத்தைவிட ரொம்ப ஒல்லியாகக் கூர்மையாக இருந்தால் அது காஸ்மிக் கதிர் அல்லது கெட்ட பிக்சல், ஏனென்றால் காற்றின் கலக்கம் எல்லா உண்மைப் பொருளையும் ஒரே அளவுக்குப் பரப்பிவிடும். மூன்றாவது, பொலிவு. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு மேக்னிட்யூடுக்கு மேல் ஆடினால் சந்தேகப்படுங்கள். உங்களுடையது 0.4 ஆடியிருக்கிறது; எஸ்என்ஆர் 6-இல் அது இயல்பு. நான்காவது, இடம். பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து நீளும் கதிர்க்கோட்டின் மேலோ, கேமரா சிப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியின் ஓரத்திலோ உட்கார்ந்திருந்தால் நம்பாதீர்கள்.

அறிக்கை பற்றி ஒன்று. எம்பிசியின் பழைய வடிவம் ஒரு வரிக்கு 80 எழுத்திடம். 6 முதல் 12 வரை நீங்கள் வைக்கிற தற்காலிகப் பெயர், 13-இல் புதிய பொருளுக்கான நட்சத்திரக்குறி, 16-இலிருந்து தேதி, 33-இலிருந்து வல ஏற்றம், 45-இலிருந்து நடுவரை விலக்கம் (வானில் இடத்தைச் சொல்லும் இரண்டு எண்கள்), 66-இலிருந்து பொலிவு, 78 முதல் 80 வரை நிலையக் குறியீடு. ஓர் இடைவெளி கூடினாலும் எல்லா எண்ணும் தள்ளிப்போய் வேறு அர்த்தமாகிவிடும். அதனால் வேர்டில் திறந்து சேமிக்கவே கூடாது, வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பவும் கூடாது. நோட்பேட் போதும்.

பின்னாளில் சொந்தக் கேமராவில் படம் எடுத்தால் நேரத்தில் கவனம் வேண்டும். எம்பிசி கேட்பது ஒளிபதிந்த நேரத்தின் நடுப்புள்ளி. 60 வினாடிப் படத்துக்குத் தொடக்க நேரத்தைக் கொடுத்தால் 30 வினாடி தப்பு, அந்த நேரத்தில் பொருள் சுமார் 0.3 ஆர்க் வினாடி நகர்ந்திருக்கும். எதிர்நிலை சொன்ன பிழை அளவை இதுவே முழுசாகத் தின்றுவிடும். கணினிக் கடிகாரத்தை ஒவ்வோர் இரவும் இணைய நேரத்தோடு சரிபார்க்க வேண்டும். உலக நேரம் நம் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் பின்னால் என்பதையும் பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது.


பதில்: பெயர்ப்பதிவேடு

பெயர் பற்றி மட்டும் நான் சொல்கிறேன் டீச்சர்.

எண் வந்த பிறகுதான் பெயர். எண் கிடைத்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குக் கண்டுபிடித்தவருக்குப் பெயரை முன்மொழியும் முன்னுரிமை உண்டு. அதற்குள் வைக்காவிட்டால் உரிமை அவர் கையை விட்டுப் போகலாம். கவனியுங்கள், அது முன்மொழியும் உரிமைதான், முடிவு பெயரிடல் குழுவினுடையது. ஏற்ற பெயரைக் குழுவின் அறிக்கை இதழில் வெளியிட்டால்தான் அது அதிகாரப்பூர்வம். எண் பெற்றவை இன்றைக்கு எட்டு லட்சத்துக்கு மேல், பெயர் உள்ளவை சுமார் 25 ஆயிரம்தான். எண்ணோடு மட்டும் சுற்றுவதில் எந்தக் குறையும் இல்லை.

உங்கள் விஷயத்தில் படம் ஆய்வகத்தினுடையது. எம்பிசி பதிவில் கண்டுபிடித்தவர் இடத்தில் பொதுவாக ஆய்வகத்தின் பெயர்தான் நிற்கும். அதனால் பள்ளியிலிருந்து நேராகக் குழுவுக்கு எழுதிப் பயன் இல்லை. முன்மொழிவு தேடல் நடத்துகிறவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். தொகுப்பின் பெயர், படங்களின் தேதி, நீங்கள் வைத்த தற்காலிகப் பெயர், அனுப்பிய அறிக்கையின் நகல், மாணவர் குழுவின் உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் பள்ளியில் காகிதமாகவே வையுங்கள். எட்டு வருடம் கழித்து எண் வரும்போது பிள்ளைகள் ஐந்து பேரும் வெவ்வேறு ஊரில் இருப்பார்கள், ஆசிரியரும் மாறியிருக்கலாம். பள்ளியின் பொது மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து வைப்பது நல்லது.

பெயருக்கான விதிகள்: ஆங்கில எழுத்தில், இடைவெளி உட்பட 16-க்குள் அடங்க வேண்டும். ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. உச்சரிக்க முடிய வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது. வணிகப் பெயர் கூடாது. வளர்ப்புப் பிராணியின் பெயர் வேண்டாம் என்பார்கள். ஏற்கெனவே உள்ள சிறுகோள் பெயரோடும் துணைக்கோள் பெயரோடும் ரொம்ப ஒத்திருக்கக் கூடாது. அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர் என்றால் மறைந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

'மீனாட்சி' ஒன்பது எழுத்து, நீளத்தில் தடை இல்லை. தெய்வப் பெயர் என்பதும் முதன்மைப் பட்டையில் தடை இல்லை. சீரிஸும் வெஸ்டாவும் ரோமானியத் தெய்வங்கள்தானே. பூமிக்கு அருகே வருகிறவற்றுக்கும் வியாழனோடு சுற்றுகிற ட்ரோஜன்களுக்கும்தான் புராண மரபுக்குத் தனி ஒழுங்கு உண்டு. பார்க்க வேண்டியது ஒற்றுமை விதி. எம்பிசி தேடலில் மீனாட்சி என்பதை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள்: இரட்டை ஈ போட்டு, ஒற்றை ஐ போட்டு, டி சேர்த்து, கே சேர்த்து. அறிவியல் கண்காட்சியில் வென்ற பள்ளி மாணவர்களின் பெயர்களை லீனியர் என்ற அமெரிக்கச் சிறுகோள் தேடல் ஆய்வகம் தன் சிறுகோள்களுக்கு நிறைய வைத்திருக்கிறது, அதில் இந்தியப் பெயர்களும் கணிசம். முதற்பெயரா குடும்பப்பெயரா என்று பாராமல் எது ஒத்திருந்தாலும் இடிக்கும். 'வைகை'க்கும் இதே சோதனைதான்.

காமராசர் 1975-இல் மறைந்தவர். 2075-க்கு முன்னால் நடக்காது. நிர்வாகத்தில் கேட்டவரிடம் விதியைக் காட்டிவிடுங்கள், வருத்தப்பட ஒன்றும் இல்லை. வேலு நாச்சியார் 1796-இல் மறைந்தவர், கால விதி தாண்டியாயிற்று. சேர்த்து எழுதினால் 12 எழுத்து. திருமலை நாயக்கர் என்று முழுசாகப் போட்டால் 19 எழுத்து ஆகிவிடும், 'திருமலை' மட்டும் என்றால் 10. மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி இசைக்காக அறியப்பட்டவர், 100 ஆண்டு விதி அவருக்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் கணியன் பூங்குன்றனாரைப் பற்றிப் பிள்ளைகள் யோசிக்கலாம். வானம் பார்த்துக் கணித்தவர்களின் பெயரைத் தாங்கிய கவிஞர், ஊரும் நம் பக்கத்துச் சிவகங்கைச் சீமை. முழுப்பெயர் 16-ஐத் தாண்டும், 'கணியன்' என்றால் ஏழே எழுத்து. பெயரைச் சுருக்கி ஒட்டவைப்பது வழக்கத்தில் உண்டு: விசுவநாதன் ஆனந்துக்கு வைத்தது 4538 விஷிஆனந்த், 'விஷி' என்ற செல்லப்பெயரையும் ஆனந்தையும் சேர்த்து ஒரே சொல்லாக. ஜப்பானில் 1988-இல் கண்டுபிடித்தது, பெயர் வந்தது 2015-இல். அத்தனை வருட இடைவெளி.

பெயரோடு ஒரு குறிப்பும் போக வேண்டும், இரண்டு மூன்று வாக்கியம். இவர் யார் அல்லது இது என்ன, எதற்காக அறியப்படுகிறது என்ற தகவல் மட்டும். 'ஒப்பற்ற', 'உலகப்புகழ்' போன்ற அடைமொழியைக் குழு வெட்டிவிடும். இப்போதே பிள்ளைகளை ஆளுக்கொரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி.


திருமங்கலம்_இயற்பியல்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. சுற்றுப்பாதைக் கோப்பு படத்தைத் திறந்த அன்றே புதுப்பித்ததுதான். இன்னும் மூன்று கேள்வி. இரண்டாம் இரவுக்குக் கொடைக்கானலையோ காவலூரையோ கேட்கலாமா? பத்திரிகைக்கு என்ன வாசகம் கொடுப்பது? அதுவரை பிள்ளைகளின் ஆர்வம் குறையாமல் இருக்க மதுரையிலிருந்தே செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


பதில்: நுங்கம்பாக்கம்_1792

கொடைக்கானல் ஆய்வகம் சூரியனைப் பார்ப்பதற்கானது, இதற்கு ஆகாது. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 21-ஆம் மேக்னிட்யூடைப் பிடிக்கும். ஆனால் அங்கே நேரம் கிடைக்க ஆய்வு முன்மொழிவு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ பத்து நாளுக்குள். அந்தப் பகுதி வானத்தைப் பெரிய ஆய்வகங்கள் எப்படியும் திரும்ப எடுக்கும், இரண்டாம் இரவு அநேகமாக அங்கிருந்துதான் வரும்.

பத்திரிகைக்கு இப்படிக் கொடுங்கள்: "பன்னாட்டுச் சிறுகோள் தேடலில் பங்கேற்ற மாணவர்கள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு பொருளை முதற்கட்டமாகக் கண்டறிந்துள்ளனர். தொடர் அளவீடுகளுக்குப் பிறகே அது புதியதா என்பது உறுதியாகும்." 'நாசா பெயர் சூட்டுகிறது' என்று தலைப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாசாவுக்குப் பெயர் சூட்டும் அதிகாரம் இல்லை. 'கருதப்படும்' என்பதையும் வெட்டவிடாதீர்கள், ஓர் இரவு நகர்விலிருந்து பட்டைக்குள் இருப்பதாகச் சொல்வது ஊகம்தான்.

செய்தியில் இன்னும் இரண்டு வரி இடம் கிடைத்தால் தமிழ்நாட்டின் பங்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆசியாவிலிருந்து முதன்முதலில் கண்டுபிடித்த சிறுகோள் சென்னையில்தான். 1861 ஏப்ரல் 17-இல் நார்மன் போக்சன் நுங்கம்பாக்கம் ஆய்வகத்திலிருந்து பார்த்தது, 67 ஏசியா. கண்டத்தின் பெயரையே வைத்தார். பிறகு அங்கிருந்தே 80 சாஃபோ (1864), 87 சில்வியா (1866), 107 கமில்லா (1868), 245 வேரா (1885). புகைப்படம் இதற்குப் பயன்படத் தொடங்கியது 1891-இல் மாக்ஸ் வுல்ஃப் காலத்தில்தான். போக்சன் செய்தது முழுக்க முழுக்கக் கண்ணும் கையும்: ராசி மண்டலப் பாதையை ஒட்டிய சின்னப் பகுதிக்கு மங்கலான நட்சத்திரங்கள் வரை வரைபடம் போட்டு வைப்பது, வேறோர் இரவில் அதே பகுதியைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. உங்கள் பிள்ளைகள் திரையில் செய்வதன் மூலவடிவம் அதுதான். ஆய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. 1792 என்று ஆண்டு பொறித்த கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. தமிழ்க் கல்வெட்டும் அதில் உண்டு.

சில்வியாவுக்கு ரோமுலஸ், ரெமுஸ் என்று இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு துணைக்கோள் உள்ளதாகத் தெரியவந்த முதல் சிறுகோள் அதுதான். சென்னையில் பார்த்த ஒரு புள்ளிக்கு 139 வருடம் கழித்து அப்படி ஒரு சேதி!

காவலூரில் 1988 பிப்ரவரி 17-இல் ராஜமோகன் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் கண்டுபிடித்ததுதான் மேலே சொன்ன ராமானுஜன். கல்கி என்ற தேடல் திட்டத்தில் வந்தது.


பதில்: நாகமலை_மாடி

கடைசிக் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன் டீச்சர்.

சொந்தத் தொலைநோக்கியில் புதுச் சிறுகோள் தேடலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள். எட்டு அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால், படங்களை அடுக்கிச் சேர்த்து 18-ஆம் மேக்னிட்யூட் பக்கம் போகலாம். அதுவரை உள்ளதையெல்லாம் தேடல் ஆய்வகங்கள் ஏற்கெனவே வாரி எடுத்தாகிவிட்டது. சிலியில் ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களிலேயே, சுமார் பத்து மணி நேரத் தரவில் 2,104 புதிய சிறுகோள்கள். படங்களை அலசும் தேடலில் பிள்ளைகள் தொடரட்டும். மாடியிலிருந்து செய்ய வேறு இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது, தெரிந்த சிறுகோளைத் தொடர்ந்து போவது. வெஸ்டா நல்ல பருவத்தில் 6-ஆம் மேக்னிட்யூட் பக்கம் வரும், 7x50 பைனாகுலர் போதும். பதினாறு பதினேழு மாதத்துக்கு ஒருமுறை நல்ல பருவம். சீரிஸ் ஏழாம் மேக்னிட்யூட் வாக்கில். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் இடத்தைப் பார்த்து, அந்தப் பகுதிக்கு 8-ஆம் மேக்னிட்யூட் வரை வரைபடம் அச்செடுங்கள், சிறுகோளின் குறியை மட்டும் மறைத்துவிட்டு. பிள்ளைகள் பைனாகுலரில் தெரிவதை வரைந்து, நான்கு இரவு கழித்து மறுபடி வரைய வேண்டும். எதிர்நிலையில் வெஸ்டா ஒரு நாளைக்குக் கால் பாகை வரை நகரும், முழுநிலவின் அகலத்தில் பாதி. நான்கு நாளில் ஒரு பாகை, தவறவிட முடியாது. கை நடுங்கினால் எதுவும் தெரியாது, பைனாகுலரை ஸ்டாண்டில் மாட்டுங்கள்.

இதில் நம் ஊருக்கு ஓர் அனுகூலம். மதுரை 9.9 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ராசி மண்டலப் பாதையில் எந்த இடமும் உச்சிக்கு வரும்போது 56 பாகைக்குக் கீழே இறங்காது. ஐரோப்பாவில் தென்பகுதி ராசிகள் அடிவானத்தில் ஒட்டிக்கிடக்கும். நமக்கு எல்லாமே தலைக்கு மேலே, காற்றின் தடிமன் குறைவு. கெடுப்பது நகர வெளிச்சமும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான். அழகர்கோயில் அடிவாரம், நாகமலைக்கு மேற்கே, முடிந்தால் சிறுமலை. தை முதல் பங்குனி வரை வானம் நன்றாக இருக்கும். நிலா இல்லாத வாரமாகப் பாருங்கள்.

இரண்டாவது, மறைப்பு. பட்டையில் உள்ள ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது அதன் நிழல் பூமியில் ஓடும். 60 கிலோமீட்டர் சிறுகோள் என்றால் நிழலும் அந்த அகலம்தான். வினாடிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் ஓடினால், நட்சத்திரம் மூன்று நான்கு வினாடி அணைந்து மறுபடி எரியும். அந்த நேரத்தை அளந்தால் சிறுகோளின் அகலம் கிடைக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என மூன்று இடத்தில் ஆள் நிறுத்தினால் மூன்று குறுக்கு வெட்டு, அதிலிருந்து வடிவமே வரையலாம். மூன்று இடமும் நிழல் ஓடும் திசைக்குக் குறுக்கே பரவியிருக்க வேண்டும்; நிழல் ஓடும் கோட்டிலேயே வரிசையாக இருந்தால் மூவரும் ஒரே வெட்டைத்தான் அளப்பார்கள். எப்போது, எங்கே என்பதை ஆக்கல்ட் வாட்சர் மென்பொருளில் நம் அட்ச, தீர்க்கரேகை கொடுத்துப் பார்க்கலாம். 11-ஆம் மேக்னிட்யூட் வரையிலான நட்சத்திரம் என்றால் ஆறு அங்குலத் தொலைநோக்கியும் வீடியோ கேமராவும் போதும். நேரம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வந்து ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதிய வேண்டும். 0.1 வினாடி தவறினால் சிறுகோளின் அகலத்தில் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் தவறும். செல்போன் கடிகாரம் அதைவிட அதிகமாகவே தவறலாம், அதை நம்பாதீர்கள்.

நிழல் உங்கள் இடத்தில் விழாமல் நட்சத்திரம் அணையாமலே இருந்துவிட்டால், அதையும் குறித்து அனுப்ப வேண்டும். சிறுகோளின் ஓரம் எதுவரைதான் இருக்க முடியும் என்று அந்த 'அணையவில்லை'தான் எல்லை கட்டும். பதிவைக் கணிக்கப்பட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் தொடங்கி, இரண்டு நிமிடம் பிறகுதான் நிறுத்துங்கள்.